பாப்பாவுக்குப் பசும்பால், பால்காரருக்கு அறை

பாப்பாவுக்கு ஒரு வயசு முடிஞ்சதும் பவுடர் பால நிறுத்திட்டு பசும்பாலுக்கு மாத்தினோம். அதுக்கப்புறம் எடை ஏறவே இல்ல.

இன்னிக்கு சிதம்பரத்துல டாக்டரம்மா கேட்டாங்க, "பால்ல தண்ணி கலக்குறீங்களா?"

"இல்ல டாக்டர், அப்படியே கெட்டிப் பால்தான்"னேன்.

கடலூர் வர்ற வரைக்கும் பஸ்ல என் வீட்டுக்காரர் கைய முறுக்கிட்டே வந்தார்.

வீட்டு வாசல்ல பால்காரர் சாயங்காலப் பாலோட நின்னுட்டிருந்தார். இவர் போன வேகத்துல சட்டையப் புடிச்சு பளார்னு ஒரு அறை விட்டார். "எம்புள்ளைக்கே தண்ணிப் பால் ஊத்துறியாடா?"

பால்காரர் சும்மா இருப்பாரா? பால் கேனத் தூக்கி நெத்தியிலயே போட்டார். ரெண்டு பேரும் கொட்டுன பால்ல வழுக்கி விழுந்து, உருண்டு உருண்டு அடிச்சிக்கிட்டாங்க. தெருவே வந்துதான் பிரிச்சு விட்டுது. இவருக்கு நெத்தி பொளந்து ரத்தம், அவருக்குப் பல்லு ஆடுது.

சத்தம் கேட்டு இவரோட அக்கா வெளிய வந்தாங்க. நாங்க வேலைக்குப் போனா பாப்பாவப் பாத்துக்கிறது அவுங்கதான்.

"அவர ஏன்டா அடிக்கிற? நான்தான் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் காய்ச்சுறேன். பச்சப்புள்ளைக்குக் கெட்டிப் பால் செரிக்குமா?"

ரத்தத்தத் துடைச்சிக்கிட்டே என் புருஷன் சொன்னார், "சரிக்கா."

அவ்ளோதான்.

பால்காரர் இனிமே இந்தத் தெருவுக்கே வரமாட்டாராம். கடலூர்ல நல்ல பால்காரர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

நல்ல நாத்தனார் இருந்தாலும் சொல்லுங்க.