எங்கள் அண்ணா எஞ்சினியர் இல்லை

இந்த ஆண்டு நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே,

போன வருடம் முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கில் உங்களுக்குத் தரப்பட்ட மலரில் எங்கள் அண்ணாவைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. அதில் பிறந்த ஊர் சரி. பெற்றோர் பெயர் சரி. இறந்த நாளும் சரி. நடுவில் இருந்தது முழுக்கப் பொய். அண்ணா எஞ்சினியர் இல்லை. அவர் நடிகர். கனடாவில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் நடித்து, அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர். இதை ஒருமுறையாவது அச்சில் சரியாகப் போடவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. இதனால் குடும்பத்தில் இரண்டு பேர் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர் முன்பே கதைக்காதவர் என்பதால் எனக்கு நட்டம் ஒன்றுதான்.

அந்த மலரின் மூன்றாம் பக்கத்துப் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் சுருட்டிய வரைபடம், தூரத்தைப் பார்க்கும் கண்கள். கீழே "கடமையில் எங்கள் குலவிளக்கு" என்று போட்டிருந்தார்கள். கடமைதான், மறுக்கவில்லை. அது ஒரு கனடியத் தொலைக்காட்சித் தொடருக்காக எடுத்த படம். தொடர் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அண்ணாவின் தலையில் இரும்புத் தூண் விழும். மிச்சக் கதை முழுவதும் போலீஸ்காரர்கள் அவர் எப்படிச் செத்தார் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எஞ்சினியர் போலத் தெரியும் படம் ஒன்று வேண்டும் என்று அண்ணாவின் பெட்டியைக் கிளறியவர்களுக்கு, அது வேடம் என்று தோன்றவே இல்லை.

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று மலரை மூடி மேசையில் கவிழ்த்து வைத்தேன். உயிரோடு இருந்தபோது ஒரு டிக்கெட் வாங்கிப் பார்க்காதவர்கள், செத்த பிறகு அவரைச் சம்பளமில்லாமல் நடிக்க வைத்திருந்தார்கள்.

சரி, முறைப்படி தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், தபால் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது அக்கா. கடைசி நான், மிச்சம் இருந்த மாவில் சுட்ட தோசை என்று அம்மா சொல்லுவா. அண்ணா உயர்தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டார். பிற்காலத்தில் நாங்கள் எஞ்சினியராக்கிப் பாலம் கட்ட அனுப்பிய மனிதர் இவர்தான் என்பதைக் கவனிக்கவும்.

எண்பதுகளில் ஒரு ஏஜென்ட் மூலம் சவூதிக்குப் போனார். யான்புவில் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் சுமக்கும் வேலை. ஒரு அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு இலங்கைக்காரரும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரரும் சேர்ந்து நாடகம் போட்டார்கள். பெண் வேடத்துக்கு ஆள் இல்லை. அண்ணா மீசையை வழித்துவிட்டு, ஜன்னல் திரையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாராம். அடுத்த நாள் வேலைக்குப் போனபோது ஃபோர்மன் அவரை மேலும் கீழும் பார்த்து, "க்யா பாய், மீசை மாஃபி?" என்றார். அங்கத்தைய அரபியில் மாஃபி என்றால் இல்லை. புதுக்கோட்டைக்காரர் ஒருவர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "சிரிக்காதீங்க சார். நேத்து இவரப் பாத்து எந்தங்கச்சி ஞாபகம் வந்து அழுதுட்டேன்." தன் வாழ்க்கையில் கிடைத்த முதல் விமர்சனம் அது என்று அண்ணா சொல்லுவார்.

அங்கிருந்து அகதியாகக் கனடா. ரொறன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே எங்கள் ஆட்களின் நாடகங்களில் நடித்தார். பிறகு ஆங்கில நாடகம் போடும் சின்னக் குழுவொன்றில் கதவு திறந்துவிடும் வேடம். பிறகு ஒரு வசனம். பிறகு ஐந்து. தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். எதற்கு? டாக்சிக்காரன், கடைக்காரன், குண்டு வைக்கிறவன், பிணம். டாக்சிக்காரனாக எத்தனை தடவை நடித்தார் என்று அவருக்கே கணக்கில்லை. அண்ணாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரை வேறொரு வண்டியில் கட்டி இழுப்பார்கள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஜி.பி.எஸ். இல்லாத காலத்து ஞானியைப்போல் முகத்தை வைத்துக்கொள்வார். "இன்னும் கொஞ்சம் உங்கட நாட்டு ஆள் மாதிரி கதையுங்கோ" என்று இயக்குநர்கள் கேட்பார்களாம். எந்த நாட்டு ஆளும் அப்படிக் கதைப்பதில்லை. அப்படியும் கதைத்தார். வாடகை கட்டவேண்டும்.

ஆனால் ஒரு வேடம் கிடைத்தது. ஞாபகம் அழிந்துபோன வயோதிபத் தந்தை. சின்ன அரங்கம், ஆறு வாரம், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் மேடையை விட்டு இறங்காத வேடம். பத்திரிகையில் எழுதினார்கள். அண்ணி அதை வெட்டி வைத்திருக்கிறா. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அந்த அரங்கத்திலிருந்து இருபது நிமிட ஓட்டத்தில் இருந்தார். ஒருநாள் புறப்பட்டும் வந்தார். பார்க்கிங் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போனார்.

அத்தானை நோகிறேன் என்று நினைக்கவேண்டாம். எஞ்சினியர் என்ற பொய்யைப் பெற்றெடுத்தவன் நான்தான். அபுதாபிப் பக்கத்து அல் ஐனில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் ஸ்டோரில் வால்வும் குழாயும் எண்ணுகிறவன் நான். எனக்குக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டுக்கு என் வேலையைச் சொல்லக் கூசியது. "அண்ணா கனடாவில் எஞ்சினியர்" என்று நானே கடிதத்தில் எழுதினேன். மாப்பிள்ளையிடம் குறைவதை மாப்பிள்ளையின் அண்ணாவைக் கொண்டு நிரப்பினேன். பெண் கிடைத்தது. அதன் பிறகு கம்பெனியிலும் அதையே சொன்னேன். பொய் ஊரில் ஓடத் தொடங்கியதும் அக்காவும் அத்தானும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஒரு கனடியப் படத்துக்காக அண்ணா அல் ஐன் பக்கத்து மணல்மேடுகளுக்கு வந்தார். கிழட்டுத் தண்ணீர்க்காரன் வேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஃபிளாட்டில் சாப்பாடு. எங்கள் கம்பெனியின் மேனேஜர் முருகேசன் சார், திருநெல்வேலிக்காரர், உண்மையான எஞ்சினியர், கனடா எஞ்சினியரைப் பார்க்க ஆசைப்பட்டு வந்துவிட்டார். நான் அண்ணாவைக் குசினிக்குள் இழுத்துப்போய்க் கையைப் பிடித்து, சாப்பாடு முடியும்வரை எஞ்சினியராக இருக்கும்படி கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்றார்.

ஆட்டிறைச்சிக் கறியின் நடுவில் முருகேசன் சார் கேட்டேவிட்டார். "சார், நம்ம சைட்ல ஒரு சுவரு வெடிச்சிக்கிட்டே இருக்கு. பூசப் பூசத் திரும்ப வருது. என்ன செய்யலாம்?"

அண்ணா எலும்பைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். பத்து வினாடி. நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

"கீழை என்ன மண்?"

"மணல்தான் சார்."

"அப்ப சுவரைப் பாக்காதீங்கோ. மண்ணைப் பாருங்கோ."

முருகேசன் சாரின் கண் கலங்கிவிட்டது. "இதத்தான் சார் நான் மூணு மாசமாச் சொல்லுதேன். மேல ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்."

முருகேசன் சார் போனபின் அண்ணா குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். நான் சிரிப்பை அடக்கமுடியாமல், "திறம் அண்ணா. அந்தப் பத்துச் செக்கன் இடைவெளி விட்டியளே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிணமா நடிச்சிருக்கிறன், குண்டு வைக்கிறவனா நடிச்சிருக்கிறன். ஒண்டுக்கும் எனக்கு அருவருக்கேல்லை. இண்டைக்குத்தான் அருவருத்தது. இந்த வேடத்தை இனி எனக்குத் தராதை."

"பகிடிக்குத்தானே அண்ணா."

"பகிடி எண்டா நானும் சிரிச்சிருப்பன்." துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். "நாளைக்கு சூட்டிங். வந்து பார். நீ ஒருக்காலும் நான் நடிச்சுப் பாக்கேல்லை."

"டியூட்டி இருக்கு."

டியூட்டி இல்லை. அவர் வருகிறார் என்று ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து வாங்கிய லீவு அது. ஆனால் படத்தில் கூட்டமாக நிற்பதற்கு எங்கள் கம்பெனிக் கேம்ப் ஆட்களைத்தான் சம்பளம் பேசிக் கூட்டிப்போயிருந்தார்கள். கனடா எஞ்சினியர் அங்கே தோல்பையில் தண்ணீர் சுமப்பதை அவர்கள் பார்ப்பார்கள். பக்கத்தில் நானும் நிற்பேன். அன்று முழுக்கக் கட்டிலில் படுத்துக்கிடந்து டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்தேன். கத்தரிக்காய் எப்படி வதக்குவது என்று எனக்கு இன்றைக்கும் நன்றாகத் தெரியும்.

சில வருடம் கழித்து அண்ணாவுக்கு நுரையீரலில் வருத்தம் வந்தது. ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் கடைசித் தடவை சேர்த்தபோது, தாதி படிவம் நிரப்பத் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறா. அண்ணி, இத்தனை வருடம் நாங்கள் பழக்கிவிட்ட வாயால், "எஞ்சினியர்" என்று சொல்லியிருக்கிறா. அண்ணா ஒட்சிசன் மாஸ்க்கைக் கையால் இழுத்துவிட்டு, "ஆக்டர்" என்றாராம். தாதி திரும்ப மாட்டிவிட்டாவாம். அவர் திரும்பவும் இழுத்துவிட்டு, அவ எழுதும்வரை படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அவர் போன நாளில் என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. எடுத்துத் தந்திருந்தாலும் எங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா கிடைக்கும்வரை எந்தப் பிணமும் காத்திருக்காது. செத்த வீட்டுச் சடங்கை டெலிபோனில்தான் கேட்டேன். பிறகு தபாலில் அந்த மலர் வந்தது.

அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அண்ணா எங்கை எஞ்சினியரா வேலை செய்தவர்?"

"எடேய், ஆள் செத்துப்போட்டுது. இனி அவர் என்னவா இருந்தா என்ன?"

"அப்ப நடிகர் எண்டே போட்டிருக்கலாமே."

"பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம். மாமன்காரன் கூத்தாடினவன் எண்டு மாப்பிள்ளை வீட்டிலை சொல்லேலுமே?"

"டிவியிலை வந்தவர் எண்டு சொல்லுங்கோ."

"என்னவா வந்தவர்? பிணமா. அதையும் சொல்லட்டே?"

அத்தான் சில நேரம் நன்றாகவே கதைப்பார்.

"முதல் முதல் எஞ்சினியர் எண்டு எழுதினது ஆர்?" என்று அவரே தொடர்ந்தார். "நீ துவக்கினதைத்தான் நாங்கள் முடிச்சனாங்கள்."

போனை வைத்தபின் எனக்கு வந்த அருவருப்பு அத்தானில் இல்லை. அண்ணி ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னது அதற்கு அடுத்த கிழமை. அன்றைக்கே ஆண்டு மலரை நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் முருகேசன் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். "அப்ப அந்த மண்ணு விஷயம்?"

"வசனம் சார்."

"நான் மண்ணத் தோண்டிப் பாத்தேம்லே. அவருதான் சரி." பிறகு, "நீதான் சரியில்ல" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்கு வேலை தவிர வேறு பேச்சுக் கொடுக்கவில்லை.

மலரை சார்ஜாவில் கீழக்கரைக்காரர் ஒருவரின் அச்சகத்தில் கொடுத்தேன். பழைய மலரையும் என் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் பாய்.

"இதுல எஞ்சினியருங்குறாக. நீங்க நடிகருங்குறீக. ஒரே மனுசருதானே தம்பி?"

"ஒரே ஆள்தான் பாய். இரண்டாவதுதான் சரி."

"வீட்டுல சம்மதமா?"

"இல்லை. என் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுத்தான் நினைவுநாள் மண்டபத்திலை குடுப்பன் எண்டு அத்தான் சொல்லியிருக்கிறார்."

பாய் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்துக் காட்டினார். "நடுவுல பின் அடிக்கிற புத்தகத்துல தனிப் பக்கம்னு ஒண்ணு கிடையாது. இந்தப் பக்கத்தக் கிழிச்சா, இதோட மறுபாதியும் கழண்டு வந்துரும். மறுபாதியில யாரப் போடட்டும்?"

ஆகவே, அன்பானவர்களே, இந்தக் கட்டுரை இருக்கும் தாள்களின் மறுபாதியில் இருப்பது அத்தானின் இரங்கலுரை. அவருடைய வண்ணப் படமும் அதில்தான் இருக்கிறது. கிழிக்க விரும்புகிறவர்கள் யோசித்துக் கிழிக்கவும்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அண்ணாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், படிவத்தைத் திருத்தி எழுதிய தாதிக்கும், யான்பு கேம்பில் கைதட்டியவர்களுக்கும், கோப்பை கழுவிய கையை மேடைக்குப் பிடித்து ஏற்றிய நாடகக்காரர்களுக்கும், செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், அந்தச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்திய அத்தானுக்கும் (இது பகிடி இல்லை, நன்றாகச் செய்தார்) நன்றி. அக்கா மகளின் கலியாணம் குழம்பினால் குற்றம் என்னுடையது. குழம்பாவிட்டால் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிவியில் அண்ணா செத்துக்கிடந்ததை அண்ணி அனுப்பிய கசெட்டில் பார்த்திருக்கிறேன். அந்த வயோதிபத் தந்தையைப் பார்க்கவில்லை. யாரும் படம்பிடித்து வைக்கவில்லை, கேட்டுவிட்டேன். ஆறு வாரம் நடந்த நாடகம். இந்த மலரை வாங்கியவர்களில் ஒருவராவது, பார்க்கிங் தேடி அலைந்தாவது, உள்ளே போய் உட்கார்ந்திருப்பீர்கள். தயவுசெய்து எனக்குப் போன் எடுங்கள். நம்பர் அண்ணியிடம் இருக்கிறது. மேடையில் எந்தப் பக்கத்தால் வந்தார், முதலில் என்ன சொன்னார், சனம் எந்த இடத்தில் அழுதது, நன்றாக நடித்தாரா இல்லையா என்று சொல்லுங்கள். எனக்காக எதையும் கூட்டிச் சொல்லவேண்டாம். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு எனக்கு டியூட்டி இருக்காது.

தம்பி
அல் ஐன்