இரண்டாம் வருஷம் இடம் மாற நினைத்தவர்கள்

பாடம் நடத்துவது சுலபம். நம் கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்கு எப்படிப் போவது என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு எடுக்கிறேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் மாணவர் ஆலோசகர் பதவியும் என்னிடமே வந்து சேர்ந்தது. முதலாண்டு ரிசல்ட் வந்ததும் என் அறை வாசலில் கூட்டம் கூடிவிடும். எல்லோருக்கும் ஒரே கேள்வி: சென்னையில் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் வருஷம் மாறிக்கொள்ள முடியுமா?

முடியும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் அங்கே அதே பிரிவில் ஓர் இடம் காலியாக வேண்டும். நம் பிள்ளைக்குத் தோற்றுப்போன பாடம், அதாவது அரியர், இருக்கக் கூடாது. இரண்டு கல்லூரியும் சம்மதிக்க வேண்டும். அதற்கும் மேல், விண்ணப்பித்தவர்களில் அதிக மார்க் இருக்க வேண்டும். அங்கே சீட் கிடைத்தவர் அதை எதற்கு விடப் போகிறார்? என்னைப் போல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து "கொஞ்சம் கஷ்டம்ப்பா" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு பெரியது என்று தெரியும்.

அட்ஜஸ்ட்

தினேஷ் எலக்ட்ரானிக்ஸ் முதலாண்டு. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் டைபாய்டு வந்து, அந்தப் பல்கலைக்கழகத்தைக் கொஞ்சம் மார்க்கில் தவறவிட்டவன். அவனுடைய அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு காக்கிச் சட்டையோடு வந்தார். நான் விதிகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். காலி இடம் இல்லையென்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று முடித்தேன்.

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இன்னா மேடம், என் வண்டியில எடமே இல்லன்னாலும் ஷிப்டுக்குப் போற ஆளு கையக் காட்டினா ஏத்திக்கிறேன். அம்மாம் பெரிய காலேஜு, ஒரு புள்ளைக்கு அட்ஜஸ்ட் பண்ண மாட்டாங்களா?"

டெம்ப்ரவரி

அதே வகுப்பில் பிரவீன் என்று ஒருவன். எப்படியும் மாறிப் போய்விடுவோம் என்ற நம்பிக்கையில், வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரியே இருந்தான். லேபில் யாரோடும் சேர மாட்டான். கிளாஸ் குரூப் போட்டோவில் நிற்க மாட்டான். யாராவது கூப்பிட்டால், "நான் இங்க டெம்ப்ரவரிடா" என்பான். கெட்ட பையன் இல்லை. இங்கே காலூன்றிவிட்டால் அங்கே போக முடியாது என்று எப்படியோ மனசில் பதிந்துவிட்டது.

நான் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "அங்க போகணும்னாலும் இங்கதான்ப்பா நல்லா எழுதணும்." தலையை ஆட்டினான். ரிசல்ட்டில் அரியர் விழுந்தது, அதுவும் என் கணக்குப் பாடத்தில். விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்று ஆகிவிட்டது. என் எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஃபோனில் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன், சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னான்: "நான்தான் டெம்ப்ரவரி மேடம், மார்க்‌ஷீட்டு பெர்மனன்ட்டு."

ஒரே ஓர் இடம்

அந்த வருஷம் அதிசயமாக எலக்ட்ரானிக்ஸில் ஓர் இடம் காலியானது. அங்கே படித்த யாரோ மருத்துவப் படிப்புக்குப் போய்விட்டார்களாம். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவன் தினேஷ்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் தினமும் திறந்து பார்ப்பான். அவன் விண்ணப்பத்தோடு வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்தது இரண்டு பேர். பக்கத்தில் ஜெனிஃபர் நின்றாள். வல்லம் வடகால் ஊர்ப் பெண், அவன் வகுப்பு, அவனைவிடக் கொஞ்சம் கூடுதல் மார்க்.

பிரின்சிபால் இருவருக்கும் சம்மதம் தர மறுத்தார். "கிளாஸ்ல முதல் ரெண்டு பேருல ஒருத்தரை அனுப்பிட்டு நான் யாரைக் காட்டி அட்மிஷன் போடறது?" என்றார். அவர் கவலை அவருக்கு. "போகணும்னு கேட்ட பிள்ளைங்களை நிறுத்தி வெச்சா, நாளைக்கு நம்ம காலேஜைப் பத்தி இன்னா சார் சொல்லுவாங்க?" என்று நானும் விடாமல் நின்றேன். என் வாயிலிருந்து "இன்னா" வந்தால் கோபம் முற்றிவிட்டது என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். இருவரும் ஒரே ரயிலில் போய் விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இடம் ஜெனிஃபருக்குக் கிடைத்தது. செய்தியைச் சொல்ல வந்தவள் என் அறையில் நின்று அழுதாள். காலி இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாதாம், தினேஷ்தான் சொன்னானாம். அவள் போனதும் அவனைக் கூப்பிட்டு, "உன்னைவிட அவ மார்க் அதிகம்னு தெரியும்தானே, ஏன்ப்பா சொன்னே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொல்லாம நான் போயிருந்தா, அங்க கிளாஸ்ல உக்காரும்போது அது என் எடம்னு எப்டி மேடம் தோணும்?"

நடுவில் எங்கேயோ

தீபாவளி விடுமுறையில் ஜெனிஃபர் என்னைப் பார்க்க வந்தாள். இளைத்திருந்தாள். பாடத்திட்டம் வேறு என்பதால், இங்கே எழுதாத சில பாடங்களை அங்கே சேர்த்து எழுத வேண்டியிருந்ததாம். முதல் டெஸ்டில் வாங்கிய மார்க்கை வீட்டில் சொல்லவே இல்லையாம். இங்கே எல்லோரும் அவளிடம் சந்தேகம் கேட்பார்கள். அங்கே யாருக்கும் அவள் பெயரே தெரியாது.

"தப்புப் பண்ணிட்டோம்னு நெனக்கிறியாம்மா?" என்றேன். காபியை ஆற்றிக் குடித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "இல்ல மேடம். இங்க நான்தான் ஃபர்ஸ்ட்டு, அங்க நடுவுல எங்கயோ கீறேன். ஆனா நான் ஒரு கேள்வி கேட்டா, அதே கேள்வியோட இன்னும் நாலு பேரு திரும்பிப் பாக்கறாங்க."

வராந்தா

தினேஷ் இதையெல்லாம் சுலபமாக எடுத்துக்கொண்டான் என்று நினைக்க வேண்டாம். ரொம்ப நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தான். இதற்கு மேல் படித்து என்ன ஆகப் போகிறது என்று ஒருமுறை என்னிடமே கேட்டான். அப்போதுதான் ஜெனிஃபர் அங்கே வகுப்பில் கொடுக்கும் வீட்டுப்பாடக் கணக்குகளை அவனுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் அவன் தனியாகப் போட்டுப் பார்த்தான். வராதபோது ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். கொஞ்ச நாளில் சாயங்காலம் காலேஜ் பஸ் கிளம்பும்வரை வராந்தாவில் ஒரு கூட்டமே உட்கார்ந்து அந்தக் கணக்குகளை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதில் பிரவீனும் இருந்தான்.

இப்போது தினேஷ் கடைசி வருஷம். மேற்படிப்புக்கு அதே பல்கலைக்கழகத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறான். கிடைக்குமா என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டான். போன வாரம் முதலாண்டுப் பெண் ஒருத்தி, இடம் மாறுவது பற்றிக் கேட்க என் அறைக்கு வந்துகொண்டிருந்தவள், வராந்தாவில் அவனிடம் மாட்டினாள். விதிகளை எல்லாம் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவன் கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "போட்டுப் பாரு. கெடச்சா யோசிக்காத, போ. கெடைக்கலன்னா சாயங்காலம் எங்க கூட வந்து உக்காரு."

ஆலோசகர் என்ற பலகை என் கதவில்தான் தொங்குகிறது. ஆலோசனை என்னவோ வெளியேதான் நடக்கிறது.