பெட்டி நோட்டு

தாமுவேயில் எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பச்சைப் பெட்டி நிற்கிறது. ஆள் உயரம், கண்ணாடி முகம். பஸ் அட்டையை அதன் வாயில் செருகி நோட்டைக் கொடுத்தால் அட்டையில் காசு ஏறும் என்றார்கள். ஏறும். கரண்ட் இருந்தால், மழை இல்லாவிட்டால், நோட்டு கல்யாணப் பெண் மாதிரி இருந்தால்.

இந்தப் பர்மா ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. அதில் ஓடுகிற பெட்டியைத் தெருவில் வைத்தவன் பஸ்ஸில் போகிறவனாக இருக்க மாட்டான். நோட்டு விஷயம் இன்னும் மோசம். எங்கள் கைக்கு வரும் நோட்டு பழந்துணி மாதிரி இருக்கும். பாதிக்கு டேப் ஒட்டியிருக்கும். மீன்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வாங்குவாள். பெட்டி வாங்காது. அதனால் நல்ல நோட்டு கிடைத்தால் பைபிளுக்குள் வைத்து அழுத்துகிறோம். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். அரிசி வாங்க அதில் கை வைத்தால் என் மனைவி கத்துவாள்.

"அது பெட்டி நோட்டு. தொடாதீங்க."

பெட்டியைத் துடைக்க ஒருவன் வருகிறான். உள்ளே விழுந்த காசை எடுக்க இரண்டு பேர் வருகிறார்கள். பழுது பார்க்க ஒருத்தரும் வந்து நான் கண்டதில்லை.

நான் லத்தா கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை. எனக்குத்தான் விளங்கவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, டை கட்டியவர்களும் அதை அறைவதைப் பார்த்தேன்.

போன மழைக்காலம். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பபேடானில் ஒரு மண்டபத்தில் தர்மத்துக்கு ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் வெளியூர். அன்று ஒரு நாள்தான் இருப்பார். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் இடம் அடுத்தவருக்கு. பிறகு அடுத்த வருஷம்தான். அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்று கையை நீட்டிப் பார்க்கிறவள் அவள்.

ஆறரைக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் தடத்தில் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அட்டைதான். அட்டையில் ஒன்றும் இல்லை. முந்தின நாளே ஏற்றியிருப்பேன், முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. டாக்சிக்காரன் கேட்டது என் இரண்டு நாள் கூலி.

அன்று காலை கரண்ட் வந்திருந்தது. பைபிள் நோட்டைக் கொடுத்தேன். துப்பியது. திருப்பிக் கொடுத்தேன். துப்பியது.

பக்கத்தில் வெற்றிலை விற்கிற பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, தலைகீழாப் போடுங்க."

"போட்டேன் பாய்."

"அப்ப ஈரம் ஏறியிருக்கு. இங்க கொண்டாங்க."

நோட்டை வாங்கித் தன் டீக் கெட்டில் வயிற்றில் ஒட்டிச் சூடு காட்டினார். மூன்றாம் முறை பெட்டி இழுத்துக்கொண்டது. கண்ணாடியில் வெளிச்சம் சுற்றியது. தெரு முழுக்க விளக்கு போனது. அட்டையும் உள்ளே, நோட்டும் உள்ளே.

"முழுங்கிடுச்சா?" என்றாள் மனைவி.

"ம்."

"யாருக்காவது வயிறு நிறைஞ்சுச்சே."

முதல் பஸ் வந்தது. டிரைவர் படியிலேயே தடுத்துவிட்டார். மணி ஏழு தாண்டியது. அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போவோங்க. ஒரு வருஷம்தானே."

"எந்திரி."

அடுத்த பஸ்ஸில் கேட்காமல் ஏறினேன். அவளையும் கையைப் பிடித்து ஏற்றினேன்.

"அட்டை எங்க ஊலே?" டிரைவர் பர்மியில் கேட்டார். ஊலே என்றால் மாமா.

"பெட்டி தின்னுடுச்சு."

"அப்ப இறங்குங்க. நான் என்ன பண்ண?"

நான் இறங்கவில்லை. சண்டையும் போடவில்லை. நின்றேன். பின்னால் இருந்து கன்னத்தில் தனாக்காக் கட்டையை அரைத்துப் பூசிய ஒரு பர்மாக்காரி, கையில் கீரைக்கூடை, என் தோளுக்கு மேலே கையை நீட்டித் தன் அட்டையைத் தட்டினாள். இரண்டு தடவை.

"ரெண்டு பேருக்கும் ஆச்சு. வழிய அடைக்காதீங்க, உள்ள போங்க."

அவள் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று, எங்களுக்குப் பின்னால் அட்டை இல்லாமல் ஏறிய நாலு பேருக்கும் தட்டினாள். எல்லாரிடமும் காசாக வாங்கிக்கொண்டாள். முன்பு பஸ்ஸுக்குள்ளேயே காசு போடும் பெட்டி இருந்த காலத்தில் பெரிய நோட்டைப் போட்டவர் வாசலில் நின்று, ஏறுகிறவர்களிடம் மீதியை வாங்கிக்கொள்வார். அதே வேலைதான். டிரைவர் கண்ணாடி வழியாக வெளியே எதையோ பார்த்தார். அவருக்கும் பழக்கம்.

நான் கொடுத்த நோட்டில் நடுவில் டேப். திருப்பிப் பார்க்காமல் கூடையில் போட்டாள். அத்தனை காசு கொட்டி நட்டு வைத்த பெட்டி செய்யாததை ஒரு கீரைக்காரி நின்ற நிலையில் செய்தாள். பெட்டியை எடுத்துவிட்டு அவளை நிறுத்தினால் ஊருக்கு நல்லது. அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறது.

பபேடானில் இறங்கி மழையில் நடந்தோம். ஓட முடியாது, அவளுக்குப் பள்ளம் தெரியாது. மண்டபப் படியில் கால் வைக்கும்போது உள்ளே பெயர் கூப்பிடுவது கேட்டது. இரண்டாம் முறை.

"இருக்கேன்! இருக்கேன்!" என்று படியிலிருந்தே கத்தினாள். தமிழில் ஒரு தடவை, பர்மியில் ஒரு தடவை. மண்டபமே சிரித்தது. நர்ஸ் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விட்டேன்.

மறுநாள் ஒரு கண் கட்டை அவிழ்த்தார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"இவ்வளவு நரைச்சுப் போச்சா உங்களுக்கு?"

ஆமாம் என்றேன்.