மாம்பழத் தேநீர் கொடுத்த அன்று

போர் முடிந்த வாரம் அது. வன்னியிலிருந்த தங்கச்சியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டில், ஐந்து வயது மகளின் நச்சரிப்புக்காக மாம்பழத் தேநீரில் அவித்த பெரிய சவ்வரிசி உருண்டைகளைப் போட்டு, தடித்த ஸ்ட்ரோவோடு கொடுத்தேன். தொலைபேசி அடித்தது.

“அக்கா, நான்தான். முகாமிலை நிக்கிறன்.”

விம்மி அழுதேன். மகளை மறந்தே போனேன். திரும்பியபோது அவள் கழுத்தைப் பிடித்தபடி சத்தமின்றி நின்றாள். உதடுகள் நீலமாகியிருந்தன.

“ஐயோ, பிள்ளைக்கு மூச்சு வரேல்லை” என்று தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு, அவளைக் குனியவைத்து முதுகில் அறைந்தேன். ஐந்தாவது அடியில் உருண்டை வெளியே விழுந்தது. அவள் வீரிட்டு அழுதாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தேன். தங்கச்சி இன்னும் காத்திருந்தாள்.

“அக்கா, பிள்ளை மூச்சு விடுறாளோ?”

“ஓம்” என்றேன். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.