எதிர்க்கடை முருகேசனும் டீச்சர் வீட்டு நாற்காலிகளும்

பழைய டைனிங் சேருக்கு மெத்தை மாத்தறவனுக்கு முதுகுவலி வரும்னு சொல்லுவாங்க. எனக்கு வந்தது வயித்தெரிச்சல். உங்க கடைக்கு நேர் எதிர்ல அதே தொழில்ல இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கும். என் எதிர்ல முருகேசன். சங்ககிரியில நாங்க ரெண்டு பேரும் லாரி சீட் தைக்கறவங்க. வீட்டு நாற்காலியெல்லாம், புதுசு வாங்க முடியாதவங்க கொண்டு வர்ற சில்லறை வேலை.

மிச்ச ரெக்ஸின்

டீச்சரம்மா ஒருத்தங்க சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இறக்கி, செலவில்லாம முடிச்சுக் குடுங்கன்னாங்க. உட்கார்ற இடத்துக்கு அடியில இருக்கற பட்டை எல்லாத்துலயும் தொய்ஞ்சு கிடந்துச்சு. லாரிக்குப் போடற கெட்டிப் பட்டையை நல்லா இழுத்து அடிச்சேன். மேல போட, லாரி வேலையில மிஞ்சின செவப்பும் மஞ்சளும் ரெக்ஸின். கைப்பழக்கத்துல நடுவுல வரிவரியா தையலும் ஓட்டிட்டேன். டீச்சரோட வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்:

"ஏனுங்க, சோத்துக்கு உட்கார்ந்தா அடுத்த டோல்கேட் எப்ப வரும்னு இருக்குதுங்க."

குமாரபாளையம் துணி

சில வருசத்துல ரெக்ஸின் வெடிச்சிருச்சு. நாற்காலிகளோட டீச்சர் வந்த ஆட்டோ நின்னது முருகேசன் கடையில. அவன் குமாரபாளையத்துல தறிக்காரங்ககிட்ட மிஞ்சின துண்டுத் துணியை எடைக்கு வாங்கியாந்து வெச்சிருந்தான். நீலக் கட்டம், கண்ணைப் பறிக்குது. டீ குடிக்கற மாதிரி நின்னு பார்த்தேன், டீ ஆறிப்போச்சு. இந்தப் புத்தி எனக்கு ஏன் வரலை? வேலை முடிஞ்சதும் டீச்சர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி என்கிட்டயே வந்தாங்க.

"நல்லா இருக்குதுங்களா? தொழில் தெரிஞ்ச நீங்க சொன்னாத்தானுங்க எனக்குத் திருப்தி."

பிரிச்ச நாற்காலி

அந்த நாற்காலியில ஒண்ணைப் பூனை பிறாண்டிருச்சு. முருகேசன் மாமனார் ஊட்டு விசேஷத்துக்குப் போயிருந்தான், கடை பூட்டு. வேற வழியில்லாம டீச்சர் என்கிட்ட வந்தாங்க. எனக்குள்ள ஒரே குஷி. உள்ள கண்ட குப்பையத்தான் திணிச்சிருப்பான், கண்ணு முன்னால பிரிச்சுக் காட்டி இந்த வீட்டு வேலையைத் திரும்பப் பிடிச்சிரலாம்னு, துணியைப் பிடிச்சிருந்த பின்னை ஒவ்வொண்ணாப் பிடுங்கினேன்.

பஞ்சு நல்ல பஞ்சு. அதைத் தூக்கினா, அடியில நான் போட்ட லாரிப் பட்டை. முனையை மடிச்சு அடிச்ச என் ஆணியெல்லாம் அப்படியே இருக்குது. பட்டையை விரலால சுண்டிப் பார்த்தேன். டீச்சர் எட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"அதையும் மாத்தச் சொன்னனுங்க. முருகேசன்தான், இது எதிர்க்கடைக்காரர் போட்டது, இந்த இழுப்பு என் கைக்கு வராது, தொட மாட்டேன்னுட்டாருங்க."

பொறாமைப்படறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணுங்க, எனக்கு வாய்ச்ச எதிரி அதைக்கூட நிம்மதியாப் பட விடமாட்டேங்கறான்.