லாபப் படி

வருஷக் கடைசியில் எங்கள் சபையில் ஒரு விசாரணை நடக்கும். குடும்பம் குடும்பமாக உபதேசியாரின் மேசை முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் தடித்த நோட்டைத் திறந்து, கடவுளுக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கை இந்த வருஷம் கொடுத்தாயா என்று கேட்பார். நாம் எவ்வளவு நீளமாகப் பதில் சொன்னாலும் நோட்டில் ஏறுவது மூன்று சொற்களில் ஒன்றுதான். முழு, குறை, இல்லை. நான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புப் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். பிள்ளை பெற வந்தவளைப் பற்றி எழுத எங்களுக்கே பதினோரு கட்டங்கள் தேவைப்பட்டன. ஒரு ஆத்துமாவை எழுத மூன்று கட்டம் போதும் என்று கண்டவர்களின் சிக்கனத்தை நினைத்து வியந்திருக்கிறேன்.

'முழு' என்று எழுதப்பட்டவர்களுக்கு ஒரு நீலச் சீட்டு கிடைக்கும். சபைக் கட்டடத்தில் முன்கூடம் எல்லாருக்கும் பொது. அதற்குப் பின்னால் கதவு போட்ட ஓர் உள்ளறை. அங்கே நுழைய நீலச் சீட்டு வேண்டும். கல்யாணங்கள் அங்கேதான் நடக்கும். மணப்பெண்ணுக்கு மட்டும் மாப்பிள்ளையின் சீட்டே போதும். சீட்டு இல்லாத உறவுக்காரர்கள் வெளியே புங்க மரத்தடியில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே பாட்டு முடியும்வரை காத்திருப்பார்கள். பெற்ற தாயானாலும் அந்தப் பெஞ்சுதான்.

இந்தச் சபை கடல் தாண்டி வந்தது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து எங்கள் ஊரான குருவிநத்தத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே ஓர் உபதேசியார். அப்பா செத்த வருஷம் அம்மா அதில் சேர்ந்தாள். ஏன் சேர்ந்தாள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். பண்ணைக்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றவளைக் கூடத்தில் எல்லாரோடும் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எழுத்தால்தான் இதை எழுதுகிறேன். கடனை ஒப்புக்கொள்கிறேன். மற்றதையும் சொல்வேன்.

முதலில் பத்தில் ஒன்று என்பது லாபத்தில் பத்தில் ஒன்று என்றுதான் சொன்னார்கள். கூலிக்காரர்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. எங்களுக்கு ஏது லாபம் என்று சிரித்துக்கொண்டே கைநிறைய அரிசி அள்ளிப் போட்டுவிட்டு வருவார்கள். அது துரைக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு தை அறுப்பின்போது அவர் தொப்பியும் குடையுமாகக் களத்துக்கே வந்தார்.

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் படியை யாரும் 'ஒண்ணு' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு, நாலு. மங்கலத்துக்காகச் சொல்லும் சொல், அவ்வளவுதான். பெண்ணாளுக்கு அன்றைய கூலி நாலு படி. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியின் முந்தானையிலும் அளவுகாரர் முதல் படியைக் கொட்டி "லாபம்" என்று உரக்கச் சொல்வதைத் துரை நின்று கேட்டார். புத்தகத்தில் தமிழ் படித்த மனிதர். அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எங்களைப் பார்த்து, "லாபம் இல்லை என்றீர்கள். முதல் படி லாபம் என்று என் காதுகளால் கேட்டேன். தேவனிடத்தில் பொய் சொல்லலாமா?" என்றார்.

கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. களத்தில் லாபம் என்று சொன்னதை 'அது லாபமில்லை' என்று வாய்விட்டு மறுக்க எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. அப்படிச் சொன்னால் அடுத்த வருஷம் களமே நிறையாது என்று நம்பினார்கள். உபதேசியாருக்கு இது நன்றாகத் தெரியும். அவரும் நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவர்தான். ஆனாலும் துரையின் தமிழைத் திருத்துவது அவருடைய சம்பளத்துக்கு நல்லதல்ல. நாலு படியைப் பத்தாகப் பங்கு போடுவது கஷ்டம், ஆகவே அறுப்புக் காலத்தில் லாபப் படி முழுசாகச் சபைக்கு என்று அவரே ஏற்பாடு செய்தார். பேர் பத்தில் ஒன்று. எடுத்தது நாலில் ஒன்று.

அந்த நெல்லை விற்ற பணம் எங்கே போனது என்பதற்கு என் கண்ணில் பட்டவரை ஒரு பட்டியல் வைத்திருந்தேன். உள்ளறைக்குத் தேக்குக் கதவு. துரையின் பங்களாவுக்குப் புதுத் தகரக் கூரை. ஒரு ஆர்மோனியம், வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல். மிச்சம் கப்பலேறித் தலைமைச் சபைக்குப் போகிறது என்றார்கள். அங்கே அதை என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் கூடத்தில் வாசிக்கவில்லை. கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு. எங்கள் ஆஸ்பத்திரியில் கிருமி கொல்லும் கார்பாலிக் ஒரு புட்டி குறைந்தாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா இரண்டு அறுப்புக்கு லாபப் படியைக் கொடுத்தாள். மூன்றாம் அறுப்பில் தங்கைக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் கஞ்சிக்கே தட்டுப்பாடு. அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். களத்தில் அவள் முறை வந்ததும் முந்தானையை விரித்துக்கொண்டு அளவுகாரரிடம், "எனக்கு மட்டும் ஒண்ணுன்னு அளந்து போடுப்பா" என்றாள்.

"இன்னாது?"

"லாபம்னு சொல்லாத. ஒண்ணுன்னே எண்ணு. லாபம்னா அது தொரைக்குப் பூடுது."

அளவுகாரர் படியைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "அப்பிடியே எனக்கும் ஒண்ணுலேந்து ஆரம்பிப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். சத்தம் கேட்டுப் பண்ணைக்காரர் எழுந்து வந்தார். விஷயம் தெரிந்ததும், "என் களத்துல நின்னுகிட்டு லாபம் வேணாங்கிறியா? வெளிய போடி" என்றார். அந்த அறுப்பு முழுவதும் அம்மாவுக்கு அந்தக் களத்தில் வேலை இல்லை. கூலி இல்லை, ஆகவே லாபப் படியும் இல்லை. வருஷக் கடைசியில் நோட்டில் அவள் பேருக்கு நேராக 'இல்லை' என்று ஏறியது. ஏன் இல்லை என்று எழுத அதில் இடம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஒதியம்பட்டு. டவுன் மில்லில் வேலை, சபையில் 'முழு'. சம்மதம் பேசி முடித்த அன்று அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் உள்ள உக்காந்து பாக்கணும். அதுக்கு வழி இன்னான்னு கேட்டுட்டு வா."

லீவு போட்டுவிட்டு உபதேசியாரிடம் போனேன். அம்மா அந்த வருஷம் செய்த வேலைகளை மாதவாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நடவு, களை, கரும்பு வெட்டு, வேலை இல்லாத நாட்கள். மொத்தத்தில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று போட்டு, அந்தப் பணத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. பணத்தைப் பார்த்தார்.

"இது யார் பணம்மா?"

"என் சம்பளம்."

"உன் சம்பளத்துக்கு நீ பத்து குடுத்திருக்கியா?"

"இல்லீங்க ஐயா."

"பாரு. பத்து கழிக்காத பணம் உன்னுதே இல்ல, தேவனுது. அவருது எடுத்து அவருக்கே குடுத்து உங்கம்மாவுக்குச் சீட்டு வாங்கலாமா? மொதல்ல நீ வேலைக்குச் சேந்த நாள்லேந்து உன் பாக்கியக் கட்டு. அப்புறம் அம்மாவுதப் பேசலாம்."

"பிடித்தம் போகக் கைக்கு வர்றதுலயா, மொத்தத்துலயா?"

"மொத்தத்துல. நீ படிச்ச பொண்ணு, இதெல்லாம் கேக்கலாமா?"

பணத்தைத் திரும்ப முடிந்துகொண்டேன். நான்கு மாதச் சிரமத்தில் என் பாக்கியைக் கட்டியிருக்க முடியும். கட்டவில்லை. அந்த மனிதரின் மேசையில் ஒரு காசுகூட வைக்க எனக்குக் கை வரவில்லை. என் வீம்புக்கு அம்மா விலை கொடுத்தாள் என்று இப்போதும் சில நாட்கள் தோன்றும். அம்மாவிடம், "வழியில்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அவள், "சரி, வுடு" என்றாள்.

பிரெஞ்சுக்காரர் ஊரில் கோயிலோ சபையோ எதில் தாலி கட்டினாலும், அதற்கு முன்னால் கொம்யூன் அலுவலகமான மேரியில் பதிந்து வர வேண்டும் என்று துரைக்கே உத்தரவு. ஆகவே கல்யாணத்தன்று காலையில் எல்லாரும் பாகூர் மேரிக்குப் போனோம். துரை கறுப்புக் கோட்டில், உபதேசியார் அங்கவஸ்திரத்தில். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணோட தகப்பனாரு?"

"தவறிட்டாருங்க" என்றாள் தங்கை.

"பொண்ணுக்கு வயசு பத்தல. அப்ப தாயாரு சம்மதம் வேணும். தாயாரு எங்க?"

அம்மா எங்களுக்கெல்லாம் பின்னால் கதவோரம் நின்றிருந்தாள். உபதேசியார் முன்னால் வந்து, "சபை சார்பா நான் கையெழுத்துப் போடறேனுங்க" என்றார்.

"நீரு பொண்ணப் பெத்தீரா?"

"இல்லீங்க."

"அப்ப அப்பால நில்லும். யம்மா, இப்படி முன்னால வந்து உக்காரு."

அம்மா வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். கொம்யூன் தலைவரான மேர் வந்து ஏதோ பிரெஞ்சில் வாசித்தார், குமாஸ்தா தமிழில் சொன்னார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேட்டபின் அம்மாவைக் கேட்டார். அவள் சம்மதம் என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தாள். மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே, "ஐயா, இதோட கண்ணாலம் ஆயிடுச்சா, இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா. இனிமே இதுங்களப் பிரிக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போவணும்."

துரை சுவரோரம் நின்று கைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவருக்குப் போட நாற்காலி இல்லை.

வெளியே வந்ததும் தங்கை அம்மாவின் கையைப் பிடித்தாள். "எம்மா, சபைக்கு வந்து அந்த பெஞ்சுலயாவது குந்தும்மா."

"எதுக்குடி? கண்ணாலத்தத்தான் பாத்துட்டனே. நீங்க போயி ஜெபத்த முடிச்சிட்டு வாங்க. நான் வூட்டுக்குப் போயி ஒல வெக்கிறேன். அத்தினி பேருக்கும் சோறு ஆவணும்."

நானும் அம்மாவோடு வரப்பு வழியே நடந்தேன். வழியில் அவள் அழவில்லை. எத்தனை இலை தேவைப்படும் என்று கேட்டாள். உள்ளறையில் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று துரை கேட்டபோது யாரும் பேசாமல், கடைசியில் உபதேசியாரே கையைத் தூக்கினார் என்று தங்கை பிற்பாடு சொன்னாள்.

மத்தியானம் துரையும் உபதேசியாரும் சாப்பிட வந்தார்கள். அம்மா அவர்களை வீட்டுக்குள் கூட்டிப்போய், நல்ல இலையாகப் பார்த்துப் போட்டு, தண்ணீர் வைத்தாள். நான் அந்த இரண்டு இலைக்கு மட்டும் பரிமாறவில்லை.