விரல் தொட்ட வசனம்

நாங்கள் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் குடியிருந்தோம். எதற்கெடுத்தாலும் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தை, அதாவது பைபிளை, திறப்பார். விரல் படுகிற வசனம்தான் ஆண்டவரின் உத்தரவு. அன்றாடம் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. வேலையாட்களை இறக்கிவிட்டுப் போடிக்குத் திரும்பும் ஜீப்பு வாசலில் நின்றது. இவரோ வேதத்தைத் திறந்து விரலை வைத்தார். பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் அவர்களுக்குத் தண்டனை வந்தது என்று அதில் இருந்தது.

"ஆண்டவரே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரி வேணாம், உபவாசம் இருப்போம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலு வயசுப் பிள்ள என்னங்க பாவம் பண்ணுச்சு? நீங்க உபவாசம் இருங்க, நான் போறேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

பிழைத்தாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

மறுநாள் இவர் வேதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதைப் பிடுங்கி, அந்தப் பகுதியை முதலிலிருந்து வாசித்தேன். அது ஆண்டவர் சொன்னதே இல்லை! பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவரிடம் துக்கம் கேட்க வந்த சிநேகிதர்களில் ஒருவன் பேசியது. அந்தப் பகுதியின் கடைசி அதிகாரத்தில், தப்பாகப் பேசியதற்காக ஆண்டவரே அந்தச் சிநேகிதர்கள் மேல் கோபப்படுகிறார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. அன்றிலிருந்து தினமும் ஏலக்காய் எடுக்கப் போகுமுன் ஒரு அதிகாரம், வரிசையாக வாசித்தேன். அவரும் உட்கார்ந்தாக வேண்டும். யாராவது விரல் வைக்க வந்தால், "இந்த வீட்டுல கண்ணத் தொறந்துதான் வேதம் வாசிக்கணும்" என்று சொல்லிவிடுவேன்.